டிராப் இன் என்றொரு வினைச்சொல்

பொறாமைப்படுவதற்குக் கண்ணியமான காரணங்கள் எத்தனையோ உண்டு. அடுத்தவனின் பதவி உயர்வு, ஸ்கூட்டர், கியாஸ் இணைப்பு. எண்பதுகளின் தொடக்கத்தில் டெல்லியில் கியாஸ் இணைப்பு கிடைத்தவனைப் பார்த்து வயிறு எரிந்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நான் போயும் போயும் இரண்டு ஆங்கிலச் சொற்களுக்காக ஒரு குளிர்காலம் முழுவதும் வெந்தேன். இரண்டு என்பதுகூட அதிகம். ஒன்று வினைச்சொல், மற்றது அதன் வால்.

நான் அப்போது மத்திய அரசின் அமைச்சகம் ஒன்றில் அசிஸ்டென்ட். எங்கள் பிரிவில் ஆங்கிலம் என்றால் நான்தான். இதை இப்போது நானே சொல்லிக்கொள்கிறேன் என்று நினைக்க வேண்டாம், அப்போதும் நானேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் வரைவுக் கடிதங்களில், இன்னது தெரிவிக்குமாறு பணிக்கப்பட்டிருக்கிறேன் என்று தொடங்கும் வாக்கியம் அரைப்புள்ளிகளைத் தாண்டித் தாண்டிப் பக்கத்தின் அடியில் வந்துதான் மூச்சுவிடும். எங்கள் டெபுடி செக்ரட்டரி அதில் ஒரு கமாவைக்கூட நகர்த்தாமல் கையெழுத்துப் போடுவார். ஆண்டுக்கணக்காக அவர் பெயரில் வெளியே போன ஆங்கிலமெல்லாம் என் ஆங்கிலம். பதிலுக்கு அவர் எனக்குத் தந்த ஆங்கிலம், கோப்பின் ஓரத்தில் எழுதும் 'பிளீஸ் ஸ்பீக்' மட்டும்தான். போய் நின்றால் அவரே பேசி முடித்துவிடுவார்.

என் பக்கத்து மேசைக்காரர் கும்பகோணத்துக்காரர். நான் திருநெல்வேலிப் பக்கம். மோதி பாக் அரசுக் குடியிருப்பில் எனக்கு மாடி வீடு, அவருக்கு நேர் கீழ் வீடு. அலுவலகத்தில் பக்கத்தில், வீட்டில் காலடியில். ஒரு மனிதனைப் பொறாமையோடு கண்காணிக்க இதைவிடச் சௌகரியமான ஏற்பாட்டை எந்த அரசாங்கமும் செய்து தர முடியாது. ஆனால் அதுவரை அவரிடம் பொறாமைப்பட எதுவும் இருக்கவில்லை. அவருடைய வரைவுகளை டெபுடி இங்குமங்கும் அடித்துத் திருத்துவார். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பி வருவார்.

நவம்பர் மாதத்தில் ஒரு சாயங்காலம் டெபுடி வீட்டுக்குக் கிளம்பிக் காரில் ஏறினார். கடைசி நேரக் கையெழுத்து ஒன்றுக்காக நான் கோப்போடு படியிறங்கி ஓடிவந்தேன். பக்கத்து மேசைக்காரர் சும்மா கூட வந்தார். கையெழுத்தானதும் கார்க் கதவைச் சாத்தியவர் அவர். டெபுடி கண்ணாடியை ஏற்றிக்கொண்டே அவரைப் பார்த்து, "டிராப் இன் சம்டைம், யார்" என்றார். டெல்லியில் அந்த 'யார்' கேள்வியல்ல, தோழமை. கார் போய்விட்டது.

நான் பக்கத்திலேயேதான் நின்றேன். அந்தச் சொற்கள் என் காதை உரசிக்கொண்டுதான் போயின. ஆனால் என்மேல் படவில்லை.

"கேட்டீரா ஓய்?" என்றார் அவர்.

"எதை?"

"டிராப் இன் பண்ணச் சொல்லிட்டார்."

"கார் கிளம்புதப்ப எல்லாரும் சொல்லுததுதான்."

"அப்படியா? உம்மகிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கார்?"

நான் கோப்பின் நாடாவைக் கட்ட ஆரம்பித்தேன். அது ஏற்கெனவே கட்டியிருந்தது.

இந்த ரக வினைச்சொற்களோடு எனக்கு ஆதியிலிருந்தே ஒத்துப்போகவில்லை. எனக்கு ஆங்கிலம் கற்றுத்தந்த வாத்தியார்கள் முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துப் பட்டனும் போட்ட சொற்களையே அறிமுகப்படுத்தினார்கள். ஒத்திவைப்பதற்கு ஒரு சொல், சகித்துக்கொள்வதற்கு வேறொரு சொல், அணைப்பதற்கு மற்றொரு சொல். டெல்லிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, வெள்ளைக்காரன் வீட்டில் அப்படியெல்லாம் பேசுவதில்லை என்று. 'புட்' என்று ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் பின்னால் ஒரு சின்ன வாலை மாற்றி மாற்றி ஒட்டி, அதை வைத்தே கூட்டத்தை ஒத்திப்போடுகிறான், மாமியாரைச் சகித்துக்கொள்கிறான், விருந்தாளியைத் தங்கவைக்கிறான், விளக்கையும் அணைக்கிறான். வாலைத் தப்பாக ஒட்டினால் மாமியாரை அணைத்துவிட்டு விளக்கைச் சகித்துக்கொள்ள வேண்டிவரும். அந்த ஆபத்துக்குப் பயந்து நான் அந்தப் பக்கமே போனதில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் அகராதியை எடுத்தேன். முன்னறிவிப்பின்றி, இயல்பாக, சிறிது நேரத்துக்கு ஒருவரைக் காணச் செல்லுதல் என்று போட்டிருந்தது. அதுவரை பாதகமில்லை. பக்கத்தில் பொடி எழுத்தில், பேச்சுவழக்கு என்றும் போட்டிருந்தது. அதுதான் சுட்டது. டெபுடியின் பேச்சுவழக்கில் இடம் கிடைத்துவிட்டது கீழ் வீட்டுக்காரருக்கு. நான் இன்னும் அவருடைய எழுத்துவழக்கில்தான் இருந்தேன்.

விசித்திரம் என்னவென்றால், அந்தச் சொல் குறித்த காரியத்தை நாங்கள் ஒவ்வொரு ஞாயிறும் செய்துகொண்டிருந்தோம். மோதி பாக்கில் யாரும் யாரையும் அழைத்ததே கிடையாது. டிவி இருந்த வீடுகளில் சாயங்காலம் இந்திப் படத்துக்கு அரை பிளாக் வந்து உட்காரும். 'சும்மா எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்' என்பார்கள். எட்டிப் பார்க்க வந்தவர்கள் மூன்று மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டு, உப்புமாவும் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். தலையைக் காட்டுவது, எட்டிப் பார்ப்பது, அந்தப் பக்கம் வந்தால் வருவது என்று தமிழில் இதற்கு வால் முளைத்த சொற்கள் வேண்டிய மட்டும் உண்டு. ஒரே ஒரு வித்தியாசம். எங்கள் குடியிருப்பில் ஒருவர் 'வீட்டுக்கு வாங்க' என்று சொல்லி நீங்கள் போகாவிட்டால், பால் பூத்தில், பஸ் ஸ்டாப்பில், பார்க்கிற இடத்திலெல்லாம் 'என்ன, வரவே இல்லையே?' என்று கேட்டுக் கேட்டே கொன்றுவிடுவார்கள். டெபுடியிடமிருந்து அழைப்பு வந்த செய்தி, ஒரு வாரத்துக்குள் குடியிருப்பு முழுவதும் பரவியது. கீழ் வீட்டுக்காரர் போயே தீர வேண்டும் என்று ஆனது.

போனார். ஒரு ஞாயிறு மாலை அவர் மனைவி, கீழ் வீட்டு மாமி, அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு படியேறி வந்து, தங்கள் இரண்டு பையன்களையும் எங்கள் வீட்டில் விட்டாள். டெபுடி வீட்டுக்கு வாண்டுகளைக் கூட்டிக்கொண்டு போக முடியுமா? எங்களுக்கு அப்போது குழந்தை கிடையாது. குழந்தை இல்லாதவர்களுக்கு மற்றவர்கள் தாராளமாகத் தந்து உதவுவார்கள். பையன்கள் என் மனைவி சுட்டு வைத்திருந்த முறுக்கைத் தின்றுவிட்டு, என் அகராதியின் மேல் ஏறி நின்று ஜன்னலை எட்டினார்கள்.

மறுநாள் காலை, பிரிவில் ஒருவரும் கோப்பைத் திறக்கவில்லை. எல்லோரும் பக்கத்து மேசையைச் சுற்றி நின்றார்கள்.

"புல்தரைன்னா புல்தரை, அப்படி ஒரு புல்தரை ஓய். பிரம்பு நாற்காலி போட்டிருந்தது. வெயில் சாய்ஞ்சு முதுகுல படறது. டெபுடி கால்மேல கால் போட்டுண்டு, 'ஆபீஸ் பேச்சே பேசப்படாது'ன்னுட்டார்."

"வேற என்ன பேசினிய?" என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்று தீர்மானித்திருந்தேன்.

"பொதுவாத்தான். வாழ்க்கை, சங்கீதம். அவர் ஒய்ஃப் வீணை வாசிப்பா தெரியுமோ? பஞ்சாப்காரி, தியாகராஜர் கீர்த்தனை வாசிக்கறா. எனக்குக் கண்ணுல ஜலம் வந்துடுத்து."

எனக்கும் வந்தது. வேறு காரணத்துக்காக.

அதன் பிறகு அவர்கள் ஞாயிறு தவறாமல் போக ஆரம்பித்தார்கள். திங்கட்கிழமைகள் தொடர்கதை ஆயின. டெபுடியின் பையனுக்கு இவர் கணக்குச் சொல்லிக்கொடுத்தது, டேலியாச் செடிக்கு என்ன உரம் போடலாம் என்று டெபுடி இவரைக் கேட்டது, 'யூ சவுத் இண்டியன்ஸ்' என்று தோளில் தட்டியது. அலுவலகத்தில் அவரிடம் கேட்டதை வீட்டில் மாமி வழியாக என் மனைவியும் கேட்டு வந்து சரிபார்ப்பாள். இரண்டும் பொருந்தின. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டெபுடியின் அறைக்குக் கோப்போடு போகும்போதெல்லாம் அவர் முகத்தில் வீணைக் களை தெரிகிறதா என்று பார்ப்பேன். அவர் வழக்கம்போல் 'யெஸ்?' என்பார்.

எனக்கும் அந்தச் சொல் வேண்டும். ஒரே ஒரு முறை, என் முகத்தைப் பார்த்து. அதற்கு மேல் வாழ்க்கையில் எந்த ஆசையும் இல்லை என்று தோன்றிய நாட்கள் அவை.

கார்க் கதவுதான் வழி என்று நினைத்து, மாலைகளில் வாசலில் போய் நிற்கத் தொடங்கினேன். முதல் நாள் டிரைவரே சாத்திவிட்டான். இரண்டாம் நாள் நான் முந்திக்கொண்டு சாத்தியதில் டெபுடியின் கோட்டு நுனி கதவில் மாட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் அவர் கண்ணாடியை இறக்கி, "எனிதிங் அர்ஜென்ட்?" என்று கேட்டார். இல்லை என்றேன். கண்ணாடி ஏறியது.

பிறகு எழுத்து வழியாக முயன்றேன். மாநில அரசு ஒன்றுக்குப் போக வேண்டிய கடிதத்தில், தங்கள் அதிகாரி வசதிப்படும் நாளில் இந்த அமைச்சகத்துக்கு 'டிராப் இன்' செய்யலாம் என்று எழுதி வைத்தேன். எனக்கும் அந்தச் சொல் தெரியும் என்று அவர் தெரிந்துகொள்ளட்டும் என்பதுதான் நோக்கம். கோப்பு திரும்பி வந்தது. அத்தனை ஆண்டுகளில் முதல் தடவையாக என் வரைவில் அவருடைய மை. அந்த இரண்டு சொற்களையும் அடித்துவிட்டு, மேலே 'விசிட்' என்று எழுதியிருந்தார்.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "அந்த வார்த்தையெல்லாம் ஆபீஸ் கடுதாசில வரப்படாது ஓய். அதுக்குன்னு ஒரு எடம் இருக்கு" என்று எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். அகராதியை மறுபடி எடுத்து, வரி வரியாகப் படித்தேன். முன்னறிவிப்பின்றி என்று இருந்ததே தவிர, அழைக்கப்பட்டவர் மட்டும் என்று எங்கும் இல்லை. ஆக, அழைப்பே இல்லாமல் போகிறவன்தான் அந்தச் சொல்லைச் சுத்தமாகக் கடைப்பிடிக்கிறவன். கீழ் வீட்டுக்காரர் செய்வது வெறும் 'விசிட்'.

இதை என் மனைவியிடம் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"கூப்பிடாம போகணும்ங்கிய."

"இயல்பா. அந்தப் பக்கம் வந்தோம், அப்படியே வந்தோம்."

"அந்தப் பக்கம் நமக்கு என்ன சோலி?"

"சோலி இல்லாம போறதுதான் அதுல விசேஷம்."

"சும்மா வாறவ பட்டுச்சேலை கட்டிட்டா வருவா?"

"அப்ப நூல்சேலை கட்டிக்கோ."

"நல்லாருக்கே! கீழ் வீட்டு மாமி வாராவாரம் அரக்குப் பட்டுல்லா கட்டிட்டுப் போறா. நான் மட்டும் பாத்திரம் தேய்க்கப் போறவ மாதிரி போவேனா?"

இயல்பாக வந்தது போல் தோன்றுவதற்கான ஏற்பாடுகளுக்கு எங்களுக்குப் பதினைந்து நாள் பிடித்தது. வெறுங்கையோடு போக முடியாது. பழம் கொண்டுபோனால் திட்டமிட்டு வந்தது தெரிந்துவிடும். கடைசியில் கரோல் பாக் போய்ப் புதிதாக அரைத்த காப்பிப்பொடி வாங்கினோம். இயல்பாக நடமாடும் தமிழன் கையில் காப்பிப்பொடி இருப்பதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. மனைவி பட்டுச்சேலை கட்டி, அதன்மேல் என் பழைய ஸ்வெட்டரைப் போட்டு, இயல்பையும் கௌரவத்தையும் சமாதானம் செய்துவைத்தாள். அந்த ஞாயிறு எங்களுக்கு வெளியே வேலை என்று சொன்னதும், மாமி சளைக்காமல் பையன்களை எதிர் பிளாக்கில் டிவி இருந்த வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினாள். எனக்கு அதில் சந்தோஷம்தான். டெபுடியின் புல்தரையில், கீழ் வீட்டுக்காரரின் கண்ணெதிரே, ஓர் ஆங்கில வாக்கியமாவது பேச வேண்டும் என்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

டெபுடி குடியிருந்த பண்டாரா ரோட்டில் இறங்கி, விசாரித்து விசாரித்துப் போனோம். கேட்டில் இருந்த சௌகிதார் டெபுடியின் பெயரைக் கேட்டதும் மேலே கையைக் காட்டினான்.

"மேலேயா?" என்றாள் மனைவி.

முதல் மாடி. மோதி பாக் வீட்டைவிட இரண்டு அறை அதிகமாக இருக்கலாம். பால்கனியில் ரஜாய்கள், பஞ்சு அடைத்த குளிர்காலப் போர்வைகள், காய்ந்துகொண்டிருந்தன. புல்தரையை நான் படியேறும்போதுகூடத் தேடினேன். ஒருவேளை மேலே வைத்திருக்கிறார்களோ என்று.

மணியை அழுத்தினேன். கதவைத் திறந்தவர் டெபுடியே. பைஜாமா, மேலே சால்வை, தலையில் வழிய வழிய கடுகெண்ணெய். ஒரு கிண்ணத்தில் பாதி உரித்த பட்டாணி. என்னைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார், என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"பார்லிமெண்ட் கொஸ்சனா?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் உள்ளே திரும்பி, "மேரா சஷ்மா!" என்று கத்தினார். பட்டாணிக் கிண்ணம் மேசைக்குப் போனது. கண்ணாடி வந்தது, பேனா வந்தது. மூடியைக் கழற்றி, கையெழுத்துப் போடத் தயாராகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். ஓர் அசிஸ்டென்ட் ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் வந்து நின்றால், மறுநாள் சபையில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஏதோ கையில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அதைத் தவிர வேறு எதற்கும் எந்த அசிஸ்டென்டும் அந்தப் படியை ஏறியதில்லை.

"நோ சார்" என்றேன். பஸ்ஸில் தயாரித்த வாக்கியம் எங்கோ இறங்கிப் போயிருந்தது. "ஜஸ்ட்... டிராப்டு இன், சார்."

அவர் பேனாவை மூடவில்லை. "அச்சா" என்றார். சற்றுப் பொறுத்து, "அச்சா, அச்சா. குட்" என்றார்.

அவருடைய மனைவி தலையில் மருதாணி அப்பி, அதன்மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டியிருந்தார். எங்களைக் கண்டதும் உள்ளே ஓடி, துப்பட்டாவைப் போட்டு மூடிக்கொண்டு வந்தார். வீணை எங்கே என்று என் மனைவி அறை முழுக்கக் கண்ணால் துழாவினாள். ஒரு தையல் மெஷின்தான் இருந்தது. தேநீர் வந்தது. ஆடை படிந்திருந்தது. டெபுடி பேனாவைச் சட்டைப்பையில் மாட்டப் போனார், பைஜாமா ஜிப்பாவில் பை இல்லை. கையிலேயே வைத்துக்கொண்டார். காப்பிப்பொடியைக் கொடுத்ததும், இதை எப்படிப் போடுவது என்று அந்த அம்மாள் கேட்டார். என் மனைவிக்கு இந்தி அரைகுறை, அந்த அம்மாளுக்கு பில்டர் பரிச்சயமில்லை. அவர்கள் இருவரும் கைஜாடையில் ஒரு பில்டரைக் கட்டி எழுப்பும் வரை நாங்கள் இரண்டு ஆண்களும் பட்டாணி உரித்தோம். பேசுவதற்கு ஒன்றும் இல்லை. இத்தனை ஆண்டுகளாக எங்களுக்கு நடுவே ஒரு கோப்பு இருந்தது, அது இல்லாமல் எப்படிப் பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

கிளம்பும்போது டெபுடி கதவருகே நின்று, "ஆபீஸிலிருந்து ஃபைல் இல்லாமல் இந்த வீட்டுக்கு வந்த முதல் ஆள் நீங்கள்தான்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "நானும் எல்லோரிடமும் சொல்கிறேன், டிராப் இன் சம்டைம் என்று. யாரும் வருவதில்லை."

"யாருமேவா, சார்?"

"யாருமே."

படியிறங்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. புல்தரை பொய். வீணை பொய். டேலியா பொய். தியாகராஜரை அந்த வீட்டுக்குள் யாரும் விட்டதே இல்லை. பஸ் ஸ்டாப்பில் நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து ஒரு சர்தார்ஜி நகர்ந்து நின்றார். "அப்ப அவிய எங்கதான் போறாவ?" என்று மனைவி கேட்டது எனக்கு உறைக்கவே இல்லை. திங்கட்கிழமை எப்போது விடியும் என்று இருந்தது.

விடிந்தது. பக்கத்து மேசையைச் சுற்றிக் கூட்டம். அவர் ஆரம்பித்தார்.

"நேத்திக்கு என்ன ஆச்சு தெரியுமோ? டெபுடி எனக்குன்னு கேக் பண்ணச் சொல்லியிருக்கார். முட்டை போடாத கேக். 'உமக்காகவே'ன்னார். புல்தரைல உக்காந்துண்டு..."

நான் காத்திருந்தேன். இன்னும் கொஞ்சம் ஏறட்டும், ஏற ஏறத்தான் விழுவதற்கு நன்றாக இருக்கும். ஆனால் கேட்கக் கேட்க ஒரு சங்கடம். அவர் சொன்ன ஞாயிறு என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அது நடக்கவே இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான், அப்படியும் அந்த கேக்குக்கு என் நாக்கு ஊறியது. நான் எழுந்து உண்மையைச் சொன்னால், பிறகு என் ஞாயிற்றைப் பற்றிக் கேட்பார்கள். என்ன சொல்வது? எண்ணெய்த் தலை, ஆடை படிந்த தேநீர், பட்டாணி.

அப்போதுதான் தாழ்வாரத்தில் போன டெபுடி எங்கள் வாசலில் நின்றார். அவர் பிரிவுக்குள் தலையை நீட்டியதே கிடையாது. நேரே என்னைப் பார்த்து, "நைஸ் ஆஃப் யூ டு டிராப் இன் எஸ்டர்டே" என்றார். போய்விட்டார்.

பிரிவு முழுவதும் என் பக்கம் திரும்பியது. நான் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தேன். நான் மட்டும் வாயைத் திறந்தால் போதும். அவர் என்னைவிட முந்திக்கொண்டார்.

"அடடே! நாங்க கிளம்பினப்புறம் வந்தது நீர்தானா? டெபுடி சொல்லிண்டே இருந்தார், யாரோ வரப்போறா, யாரோ வரப்போறான்னு. கேக் மிச்சம் இருந்துதோ?"

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். முன்னறிவிப்பின்றிப் போன என்னை எப்படி எதிர்பார்த்திருக்க முடியும் என்று கேட்டிருக்கலாம். அகராதியையே சாட்சிக்கு அழைத்திருக்கலாம்.

"இருந்தது" என்றேன். இன்றுவரை ஏன் என்று தெரியவில்லை. அந்த கேக்கில் எனக்கும் ஒரு துண்டு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மாமி எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். கணவர் மதியமே அலுவலகத்திலிருந்து ஆள்மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார் போலும். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள், பிறகு உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"நிஜமாவே மாடியா? எங்காத்துக்காரர் புல்தரைன்னு அளந்துட்டாரே!"

"ஒரு தடவையாவது போனேளா, இல்லையா?" என்று கேட்டேன். அவள் முன்னால் என் தமிழும் கும்பகோணத்துக்கு மாறியிருந்தது.

"கேட்டு வரைக்கும் போனோம். சௌகிதார் யாரைப் பாக்கணும்னு கேட்டான். இவருக்கு நாக்கு ஒட்டிண்டுடுத்து. குடிக்கத் தண்ணி கிடைக்குமான்னு கேட்டார். அவன் குடுத்தான். குடிச்சுட்டுத் திரும்பிட்டோம்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பட்டுப்புடவையைக் கட்டிண்டு உடனே ஆத்துக்கு வர முடியுமோ? மோதி பாக்கே கேக்குமே. அப்படியே நடந்தோம். அங்க பழைய கோட்டைக்குக் கீழே ஏரி இருக்கு பாருங்கோ, அதுல மிதிக்கற போட்டு விடறா. ஏறிண்டோம். அன்னிலேருந்து ஞாயித்துக்கெழமைன்னா அங்கதான். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல இவரோட தனியா ஒரு எடத்துக்குப் போனதில்லை. இப்ப வாராவாரம். இவர் பாடக்கூடச் செய்யறார், தண்ணி நடுவுல." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆபீஸ்ல சொல்லிடாதேங்கோ. ஏரி போயிடும்" என்றாள்.

அவள் கீழே இறங்கிப் போனாள். என் மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரே நின்றாள்.

"பாத்தியளா?"

"என்னத்தெ?"

"அவியளுக்குப் போட்டு. நீங்க என்னைக் கூட்டிட்டுப் போய் எதைக் காட்டினிய? ஒரு மனுசன் கையில ஒரு பேனா. அதைப் பாக்கத்தான் நான் பட்டுச்சேலை கட்டுனேன். அவ தண்ணியில பாட்டுக் கேட்டுட்டுக் கெடந்திருக்கா, நான் அவ பிள்ளையளுக்கு முறுக்கு சுட்டுப் போட்டிருக்கேன்!"

உள்ளூர நானும் அதே ஏரியில்தான் இருந்தேன். அவர் அழைக்கப்பட்டார் என்று எரிந்தேன், அவர் போனார் என்று எரிந்தேன், இப்போது அவர் போகவில்லை என்பதற்காகவும் எரிய வேண்டியிருந்தது. ஒரு மனிதன் வாசல் வரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியதில் இவ்வளவு லாபம் இருக்கும் என்று எந்த அகராதி சொல்லும்? நான் மணியை அழுத்திவிட்டேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கே என் மனைவி பட்டுச்சேலையில் வாசலில் நின்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஏரிக்கரையில் நல்ல வெயில், நல்ல கூட்டம். வரிசையில் நின்று டிக்கெட் ஜன்னலை நெருங்கியபோது, "போட் கதம், பாபுஜி" என்று, படகெல்லாம் தீர்ந்ததாகச் சொல்லி, உள்ளே இருந்தவன் ஜன்னலைச் சாத்தினான். மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. கரையோரமாகப் போய் நின்றோம். தண்ணீரின் நடுவில், மங்கிய நீலப் படகு ஒன்றில் அரக்குப் பட்டு தெரிந்தது. அவளும் எங்களைப் பார்த்துவிட்டாள். கையை வீசினாள். பக்கத்திலிருந்த அவர் எங்களைப் பார்க்காதவர் போலக் கோட்டையை ஆராய்ந்துகொண்டிருந்தார். மாமி அவரைத் தோளில் இடிப்பது தெரிந்தது. இன்னொரு இடி. படகு மெதுவாகக் கரைப் பக்கம் திரும்பியது.

"வாங்கோளேன்! நாலு பேர் உக்காரலாம்" என்றாள் மாமி, கரைக்கு வருவதற்கு முன்பே.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அலுவலகத்தில் பக்கத்து மேசையில் அத்தனை ஆண்டு உட்கார்ந்தவர்கள், ஒரு வாரமாகக் கோப்பைத் தவிர வேறு எதுவும் பேசியிருக்கவில்லை.

"என்ன ஓய், பாத்துண்டே நிக்கறீர்? ஏறும்" என்றார்.

மாமி பின் இருக்கைக்குப் போனாள். என் மனைவி ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் உடனே பேச்சில் இறங்கிவிட்டார்கள். எங்களுக்கு முன் இருக்கை. ஆளுக்கு ஒரு ஜோடி பெடல். படகை இப்படியும் அப்படியும் திருப்புகிற கைப்பிடி நடுவில் ஒன்றே ஒன்று, அது அவர் கையில் இருந்தது. வேறு இரண்டு படகுகளுக்கு நடுவே, பக்கத்துக்கு ஒரு முழ இடைவெளியில், அவர் லாவகமாக நுழைந்து வெளியே வந்தார். பின்னாலிருந்து என் மனைவி, "மாமா நல்லா ஓட்டுதாவ, இல்ல மாமி?" என்றாள்.

நான் மிதித்தேன்.

"கொஞ்ச நேரம் நான் பிடிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"சும்மா மிதியும் ஓய்" என்றார் அவர்.